மரமும் பத்திரமும்: ஒரு பழைய கடைவீட்டின் வரலாற்றைக் கண்டறியும் முறை

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையிலோ டன்லப் ஸ்திரீட்டிலோ நடந்து செல்பவர்களுக்கு, கீழே கடையும் மேலே வீடுமாக அமைந்த அங்குள்ள கடைவீடுகள் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆனவையாகவே தெரியும். வீட்டு முகப்பில் உள்ள கூரையிட்ட நடைவழியான அஞ்சடியைக் கடந்து உள்ளே சென்று நிமிர்ந்து பார்த்தால்தான், அந்த வீட்டைத் தாங்கி நிற்பதில் பாதி வேலை மரத்தினுடையது என்பது புலப்படும். பக்கத்து வீட்டோடு பகிர்ந்துகொள்ளும் இரண்டு பொதுச்சுவர்களுக்கு நடுவே குறுக்காகக் கிடக்கும் உத்தரங்கள் மாடித் தளத்தைச் சுமக்கின்றன. அதற்கும் மேலே சுவருக்குச் சுவர் ஓடும் வாரைகள் ஓட்டுக் கூரையைச் சுமக்கின்றன. கடைவீடுகளின் அகலம் பெரும்பாலும் 16 முதல் 20 அடிக்குள் அடங்கியிருப்பதற்கு, இடையில் தூண் இல்லாமல் போடக்கூடிய மரத்தின் நீளம் ஒரு முக்கியக் காரணம். ஆகவே இத்தகைய வீட்டின் வரலாற்றைத் தேடுபவர் ஆவணக் காப்பகத்தில் காகிதத்தையும் வீட்டுக்குள் மரத்தையும் படிக்க வேண்டியிருக்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் படித்தவர்கள் எழுதிய வீட்டு வரலாறுகள் பெரும்பாலும் பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றன.

தாத்தா கடை வைத்திருந்த வீடு, அப்பா பிறந்த மாடி அறை, குடும்பம் வாடகைக்கு எடுத்திருக்கும் கடை என ஏதேனும் ஒரு கட்டடத்தின் கதையை அறிய விரும்பும் சிங்கப்பூர்த் தமிழர்களை மனத்தில் கொண்டு இந்த வழிமுறை எழுதப்பட்டுள்ளது. லிட்டில் இந்தியாவை முன்வைத்து எழுதியிருந்தாலும், தஞ்சோங் பகாரிலோ கம்போங் கிளாமிலோ உள்ள வீட்டுக்கும் இது பொருந்தும்.

தொடங்குவதற்கு முன், "இந்த வீடு எந்த ஆண்டில் கட்டப்பட்டது?" என்ற கேள்வியைக் கைவிடுங்கள். ஒரு கடைவீட்டுக்கு ஒரே ஆண்டு இருப்பது அரிது. நிலம் வழங்கப்பட்ட ஆண்டு, சுவர் எழுந்த ஆண்டு, முகப்பு மாற்றப்பட்ட ஆண்டு, பின்புறம் வெட்டப்பட்ட ஆண்டு, கூரை புதுப்பிக்கப்பட்ட ஆண்டு ஆகியவை தனித்தனியானவை. முகப்பின் உச்சியில் சாந்தில் எழுதப்பட்டிருக்கும் 1927, 1935 போன்ற எண்களைப் பார்த்தவுடன் வீட்டின் வயதை முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த எண் முகப்புக்கு உரியது. அதன் பின்னால் உள்ள சுவரும் உத்தரமும் அதைவிட மூத்தவையாக இருக்கக்கூடும். எனவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் தனிப் பக்கம் ஒதுக்கி, கிடைக்கும் ஆண்டை அந்தப் பகுதிக்கு மட்டும் உரியதாகக் குறித்து வையுங்கள்.

தேடலை இன்றிலிருந்து பின்னோக்கி நடத்த வேண்டும். முதலில் வீட்டின் இன்றைய அடையாளங்களைத் திரட்டுங்கள்: கதவு எண், அஞ்சல் குறியீடு, நில ஆவணத்தில் உள்ள மனை எண். இம்மூன்றில் மனை எண்ணே மிக முக்கியமானது. இன்றைய ஆறு இலக்க அஞ்சல் குறியீடு 1995இல்தான் வந்தது. கதவு எண்களோ நகராட்சிக் காலத்தில் மாற்றப்பட்டிருக்கின்றன. புதிதாக நுழைந்த வீடுகளுக்கு 12-1, 12-2 என்று உட்பிரிவு எண்களும் தரப்பட்டன. சாலைப் பெயர்களும் நிலையானவை அல்ல. டன்லப் ஸ்திரீட் அப்பெயரைப் பெறுவதற்கு முன்பு ரங்கசாமி சாலை என்று அழைக்கப்பட்டது. ஆகவே 1900ஆம் ஆண்டுக் குறிப்பில் உள்ள கதவு எண்ணை இன்றைய எண்ணோடு அப்படியே பொருத்திப் பார்ப்பது ஆபத்தானது. முனைவீடு, கோயில், பள்ளிவாசல் போன்று இடம் மாறாத ஒன்றிலிருந்து எத்தனையாவது வீடு என்று எண்ணிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்து, நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பாதுகாப்புக் கட்டடங்களுக்கான இணையப் பக்கத்தில் உங்கள் வீடு இருக்கிறதா என்று பாருங்கள். லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம், சைனாடவுன் உள்ளிட்ட பகுதிகள் 1989ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் தேதி பாதுகாப்புப் பகுதிகளாக அரசிதழில் அறிவிக்கப்பட்டன. கடைவீடுகளின் பாணியை ஆணையம் தொடக்ககாலம், முதல் இடைக்காலம், பிற்காலம், இரண்டாம் இடைக்காலம், ஆர்ட் டெக்கோ என்று வகைப்படுத்துகிறது. 1840 முதல் 1900 வரையிலான தொடக்ககால வீடுகள் தாழ்வானவை, அலங்காரம் குறைந்தவை; 1900 முதல் 1940 வரையிலான பிற்கால வீடுகளில் பூவேலையும் வண்ண ஓடுகளும் நிறைந்திருக்கும். இந்த வகைப்பாடு ஒரு நல்ல தொடக்கம்தான் என்றாலும், அது முகப்பைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. முகப்பின் வண்ணத்தையோ எதற்கும் சான்றாகக் கொள்ள இயலாது. கெர்பாவ் சாலையில் 1900இல் கட்டப்பட்ட டான் டெங் நியா இல்லம் லிட்டில் இந்தியாவில் எஞ்சியிருக்கும் ஒரே சீன மாளிகை. சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் அதன் வானவில் வண்ணங்களைக் கொண்டு அந்தக் காலத்து ரசனையை யாரும் ஊகித்துவிடக் கூடாது.

இனி நில ஆவணம். சிங்கப்பூர் நில ஆணையத்தின் இணையச் சேவையில் கட்டணம் செலுத்தி, மனையின் உரிமை விவரங்களைப் பெறலாம். அதில் உள்ள உரிமை வகையே ஒரு வரலாற்றுச் சான்று. 999 ஆண்டுக் குத்தகையோ நிரந்தர உரிமையோ இருந்தால், அந்த மனை குடியேற்ற ஆட்சிக்காலத்தில் வழங்கப்பட்டதாக இருக்கும். 99 ஆண்டுக் குத்தகை 1980களிலோ 1990களிலோ தொடங்கியிருந்தால், அரசு அந்த வீட்டைக் கையகப்படுத்தி, மறுபடியும் விற்றிருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் பழைய உரிமை மாற்றங்களின் தொடர் இன்றைய மனை எண்ணில் கிடைக்காது; அதற்கு முந்தைய மனை எண்ணைக் கண்டுபிடித்து, அதிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும்.

பழைய பத்திரங்களைப் படிக்கும்போது தமிழ்க் குடும்பங்கள் குறிப்பாகத் தடுமாறும் ஓர் இடம் உண்டு. பத்திரத்தில் ஒரு செட்டியாரின் பெயரைக் கண்டவுடன், "இந்த வீடு செட்டியாருக்குச் சொந்தமாக இருந்தது" என்று எழுதிவிடுகிறார்கள். அக்கால அடமானம், சொத்தைக் கடன் கொடுத்தவர் பெயருக்கே மாற்றி எழுதும் வடிவத்தில் அமைந்திருந்தது. கடன் தீர்ந்ததும் மீண்டும் உரியவருக்கு மாற்றி எழுதிக் கொடுக்கப்பட்டது. முதல் பத்திரத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது விற்பனையாகவே தோன்றும். மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கிகள் எனப்பட்ட தங்கள் தொழிற்கூடங்களில் அமர்ந்து கொடுக்கல் வாங்கல் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார் சிங்கப்பூரின் கடைவீடுகள் பலவற்றை அடமானத்தின் பேரில் தொட்டிருக்கிறார்கள். கடன் திரும்பாதபோது சிலவற்றுக்கு உரிமையாளராகவும் ஆகியிருக்கிறார்கள். எனவே மாற்றிக் கொடுத்த பத்திரம் கிடைக்கும்வரை, அந்தப் பெயருக்குப் பக்கத்தில் 'கடன் கொடுத்தவராக இருக்கலாம்' என்று குறித்து வைப்பதே சரி. பெயர்களைத் தேடும்போது முழுப் பெயரைவிட, அதற்கு முன்னால் வரும் விலாச எழுத்துகளே, அதாவது தொழில் நிறுவனத்தைக் குறிக்கும் தலைப்பெழுத்துகளே, பயன் தரும். முத்தையா என்ற ஒரே பெயரை எழுத்தர்கள் நான்கு விதமாக எழுதியிருப்பார்கள். விலாச எழுத்துகளில் அந்த அளவுக்குக் குழப்பம் நேர்வதில்லை.

பள்ளிவாசலுக்கோ கோயிலுக்கோ உரிய வீடுகள் வேறு வகை. டன்லப் ஸ்திரீட்டில் உள்ள அப்துல் கபூர் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள வக்பு (சமய அறக்கொடை) நிலத்தில் எழுந்த கடைவீடுகளின் வாடகை, அந்தப் பள்ளிவாசலுக்கே பயன்பட்டது. இத்தகைய வீட்டுக்கு விற்பனைப் பத்திரங்களின் தொடர் இருக்காது. அறக்கட்டளையின் பதிவுகளையே நாட வேண்டும்.

நான்காவது படி, கட்டட வரைபடங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தில் 1884 முதலான நகராட்சிக் கட்டட வரைபடங்கள் இருக்கின்றன. கேனிங் ரைஸில் உள்ள காப்பகத்துக்குப் போவதற்கு முன், அதன் இணையத் தேடலில் சாலைப் பெயரைக் கொண்டு பட்டியலைத் தயாரித்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. பெரும்பாலான கடைவீடுகள் தனித்தனியாகக் கட்டப்படவில்லை. ஒரே உரிமையாளர் நான்கு, ஆறு, பத்து வீடுகளை ஒரே வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டார். அந்த வரிசைக்கு ஒரே வரைபடம்தான் இருக்கும். அது உங்கள் கதவு எண்ணின் கீழ் இல்லாமல், வரிசையின் முதல் வீட்டின் பெயரிலோ, உரிமையாளர் பெயரிலோ, வெறும் சாலைப் பெயரிலோ பதிவாகியிருக்கலாம். ஆகவே உங்கள் வீட்டுக்கு வரைபடம் இல்லை என்று முடிவு செய்வதற்கு முன்பு, இருபுறமும் உள்ள வீடுகளின் கூரைக்கோடும் சன்னல் அமைப்பும் எதுவரை ஒத்துப்போகின்றன என்று தெருவில் நின்று பார்த்து, அந்த வரிசை முழுவதையும் தேடுங்கள்.

வரைபடம் கிடைத்தால், பொதுவாகச் செங்கல் சுவர் சிவப்புச் சாயத்திலும் மரம் மஞ்சள் அல்லது பழுப்புச் சாயத்திலும் காட்டப்பட்டிருக்கும். விண்ணப்பித்தவர், வரைந்தவர், ஒப்புதல் தேதி ஆகியவற்றை அப்படியே படியெடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வரைபடம் என்பது அனுமதி கேட்ட காகிதமே தவிர, கட்டி முடித்ததற்கான சாட்சி அன்று. வரைபடத்தில் உள்ள படிக்கட்டு வீட்டில் வேறு பக்கம் இருக்கும். வரைபடத்தில் இல்லாத நடுமுற்றம் வீட்டில் இருக்கும். இந்த வேறுபாடுகளைக் கண்டு சலிப்படைய வேண்டியதில்லை. என் கருத்தில், வீட்டின் உண்மைக் கதை தொடங்குவதே அந்த இடத்தில்தான்.

அந்த வேறுபாடுகளைத் தீர்க்கவே மரத்திடம் போகிறோம். உரிமையாளரின் அனுமதியோடு, பொய்க்கூரை போடப்படாத இடங்களைத் தேடுங்கள்: படிக்கட்டின் அடிப்பகுதி, பின்கட்டு, ஓட்டுக்கு நேர் கீழே உள்ள இடுக்கு. கைவிளக்கை மரத்துக்கு நேராகக் காட்டாமல், பரப்பையொட்டிச் சாய்வாகப் பிடித்தால் அறுத்த தடங்கள் நிழலாக எழும். கையால் இழுத்து அறுத்த மரத்தில் கோடுகள் நேராக இருந்தாலும், இடைவெளி சீராக இருக்காது. வட்ட ரம்பத்தில் அறுத்த மரத்தில் வளைந்த தடங்கள் தெரியும். வாய்ச்சியால் செதுக்கிய உத்தரத்தில் ஆழமற்ற குழிகள் அடுத்தடுத்து இருக்கும். ஆணிகளையும் பாருங்கள். சதுர உடலுடைய அடித்த ஆணி பழைய வேலையைக் காட்டும். கம்பியிலிருந்து செய்த உருண்டை ஆணி 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் பிறகே பரவலானது. ஆனால் ஓர் ஆணி ஒரு பலகையின் பழுதுபார்ப்பை மட்டுமே சொல்லும் என்பதால், பல இடங்களில் பார்த்த பிறகே எழுதுங்கள்.

மரம் வீட்டைவிட மூத்ததாகவும் இருக்கலாம். இடித்த வீட்டின் நல்ல உத்தரத்தை அக்காலத்தில் யாரும் வீசிவிடவில்லை. மற்றொரு மரத்தின் முனையைச் செருகுவதற்காகக் குடைந்து, இப்போது எதுவும் செருகப்படாமல் வெறுமையாக இருக்கும் கழுந்துத் துளைகள், சம்பந்தமில்லாத இடத்தில் உள்ள பழைய ஆணி ஓட்டைகள், ஒரு பக்கம் மட்டும் ஏறியுள்ள புகைக் கருமை ஆகியவை அந்த மரம் வேறோர் இடத்தில் முன்பு வேலை செய்ததைக் காட்டும். அதே சமயம், சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தர முனையே ஈரத்தாலும் கறையானாலும் முதலில் கெடும் பகுதி. அங்கே முனை வெட்டப்பட்டு இரும்புத் தகடு பொருத்தப்பட்டிருந்தாலோ, அருகில் புதிய துணை உத்தரம் சேர்க்கப்பட்டிருந்தாலோ, அதைத் தனிக் காலமாகக் குறியுங்கள்.

ஐரோப்பாவின் பழைய நகரங்களில் மரச்சட்ட வீடுகளின் உத்தரங்களில் உள்ள ஆண்டு வளையங்களை எண்ணி, மரம் வெட்டப்பட்ட ஆண்டையே சொல்லிவிடுகிறார்கள். குளிர்காலத்தில் மரத்தின் வளர்ச்சி நின்று, வசந்தத்தில் மீண்டும் தொடங்குவதால் அங்கே வளையம் தெளிவாக விழுகிறது. ஆண்டு முழுவதும் மழையும் வெப்பமும் உள்ள இந்த வட்டாரத்தின் செங்கால், பாலாவ், மெரந்தி போன்ற மரங்களில் அப்படிப்பட்ட தெளிவான ஆண்டு வளையங்கள் உருவாவதில்லை. ஆதலால் அந்த வழி நமக்குப் பெரிதாக உதவாது. மரத்தின் இனத்தைத் தெரிந்துகொள்வது செலவையும் தரத்தையும் பற்றிச் சொல்லுமே அன்றி வயதைச் சொல்லாது. கறையானையும் ஈரத்தையும் தாங்கும் செங்காலை உத்தரத்துக்கும், இலேசான மெரந்தியைத் தடுப்புப் பலகைக்கும் போட்டிருந்தால், கட்டியவர் கணக்குத் தெரிந்தவர் என்று கொள்ளலாம்.

சுவரைப் படிப்பதற்கு நம்மவர்களின் வரலாறும் உதவுகிறது. சிங்கப்பூரின் தொடக்ககால வீடுகள் மரமும் அத்தாப்பும் (கூரை வேயும் பனையோலை) கொண்டவை. 1819இல் ராஃபிள்ஸுடன் வந்த நாராயண பிள்ளை தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை அமைத்து, பினாங்கிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். 1822 நவம்பரில் ராஃபிள்ஸ் வழங்கிய நகரமைப்பு அறிவுறுத்தல்கள் வீட்டின் முன்னே தொடர்ச்சியான, கூரையிட்ட நடைவழி வேண்டுமென்று வகுத்தன; அதுவே நாம் இன்றும் மழைக்கு ஒதுங்கும் அஞ்சடி. 1827இல் மரத்தாலும் அத்தாப்பாலும் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயிலே 1843இல்தான் செங்கல் கட்டடமாயிற்று. எனவே "எங்கள் வீடு ராஃபிள்ஸ் காலத்தது" என்ற குடும்பக் கதைக்கு, குறிப்பாகச் சிராங்கூன் சாலைப் பக்கம், மிகவும் வலுவான ஆதாரம் தேவை. அப்பகுதி அந்நாளில் நகரத்துக்கு வெளியே இருந்த தோட்டமும் சதுப்பும். பிற்பாடு அங்கேயே இந்தியக் கைதிகளின் உழைப்பில் அரசாங்கச் செங்கல் சூளைகள் இயங்கின. பழைய சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தில் வெளிறிய, விரலால் உரசினால் பொடியும் சுண்ணாம்புச் சாந்து தெரிந்தால் அது பழைய வேலை. சாம்பல் நிறக் கெட்டியான சிமெண்ட் பூச்சு பிற்காலப் பழுதுபார்ப்பு. முட்டை வெள்ளையும் வெல்லமும் சேர்த்து அரைத்து மெருகேற்றிய சென்னைச் சுண்ணப் பூச்சு, பெரிய கட்டடங்களில் காணப்படும் ஆடம்பரம். சாதாரணக் கடைவீட்டில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

வீட்டின் பின்புறத்துக்கு எப்போதும் தனி வரலாறு உண்டு. பொதுச் சுகாதார வல்லுநரான பேராசிரியர் சிம்சன் 1907இல் சிங்கப்பூரின் சுகாதார நிலை குறித்து அளித்த அறிக்கை, முதுகோடு முதுகு ஒட்டி நின்ற வீடுகளுக்கிடையே பின்சந்துகள் திறக்கப்பட வேண்டுமென்று வலியுறுத்தியது. அந்த வேலை மெல்ல நடந்தது. 1927இல் அமைக்கப்பட்ட சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளையும் அதைத் தொடர்ந்தது. சந்துக்கு இடம் விட்டு வெட்டப்பட்ட வீட்டில், பின்சுவரும் அதையொட்டிய சமையற்கட்டும் முன்பகுதியைவிட இளையவையாக இருக்கும். மர உத்தரங்கள் திடீரென்று முடிந்து கான்கிரீட் தளம் தொடங்கும் இடத்தை அளந்து, வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். பின்னால் உள்ள சுழல் படிக்கட்டும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் வந்து சேர்ந்ததுதான்.

பெரும்பாலான தமிழர்கள் இந்த வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்கள். நில ஆவணத்தில் தாத்தாவின் பெயர் இல்லாததைக் கண்டு தேடலை நிறுத்திவிடாதீர்கள். மாடியைப் பலகைத் தடுப்புகளால் சிறு அறைகளாகப் பிரித்து, முதன்மை வாடகைதாரர் மற்றவர்களுக்கு உள்வாடகைக்கு விடுவது வழக்கம். உத்தரத்தின் அடியிலும் தரைப்பலகையிலும் வரிசையாக உள்ள ஆணி ஓட்டைகளைப் புள்ளிகளாகக் குறித்து இணைத்தால், அகற்றப்பட்ட அந்தத் தடுப்புகளின் கோடு தாளில் தோன்றும். எத்தனை அறைகள் இருந்தன என்பதும் தெரியும். 1947இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், அவ்வாண்டு செப்டம்பர் 7ஆம் தேதிக்கு முன் கட்டப்பட்ட வீடுகளின் வாடகையைக் கட்டிப்போட்டது. அது 2001 ஏப்ரலில்தான் முற்றாக நீங்கியது. வருமானம் இல்லாத வீட்டுக்கு உரிமையாளர்கள் செலவு செய்யவில்லை. குடியிருந்தவர்களுக்கு அது துன்பம்தான். ஆயினும் பழைய மரம் மாற்றப்படாமல் பல வீடுகளில் தங்கியதற்கு அந்தப் புறக்கணிப்பே காரணம் என்று சொல்லத் துணியலாம்.

வாடகைதாரர்களைத் தேட, தேசிய நூலகத்தின் மின்னிலக்க நாளிதழ்த் தொகுப்பும் பழைய வணிகக் கையேடுகளும் இருக்கின்றன. 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களில் தீபாவளி, பொங்கல் காலத்து வாழ்த்து விளம்பரங்களைத் தேதிவாரியாகப் புரட்டுங்கள். கடையின் பெயரோடு கதவு எண்ணும் அச்சாகியிருக்கும். மரண அறிவிப்புகளும் அப்படியே. ஏல அறிவிப்புகளுக்கு 1845 முதல் வெளிவரும் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸைப் பாருங்கள். வீட்டில் கிடைக்கும் ரசீதில் 2602, 2603 போன்ற ஆண்டுகள் இருந்தால், அவை ஜப்பானியப் பேரரசு ஆண்டுக் கணக்கு. 2602 என்பது 1942. புகைப்படங்களுக்கு, தேசிய நூலகத்தில் உள்ள, கட்டடக் கலைஞர் லீ கிப் லின்னின் தொகுப்பில் 1980களின் தெருக்காட்சிகள் ஏராளமாக உள்ளன.

பெரியவர்களிடம் பேசும்போது ஆண்டைக் கேட்காதீர்கள், இடத்தைக் கேளுங்கள். எந்தப் படியில் ஏறினார்கள், தண்ணீர்க் குழாய் எங்கே இருந்தது, சாமி படம் எந்தச் சுவரில், மழை எந்த மூலையில் ஒழுகியது என்று கேட்டால், விடைகளை வரைபடத்தின் நகலிலேயே குறித்துவிடலாம். தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள, 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் தமிழில் பேசியவர்களும் இருக்கிறார்கள். அதே தெருவைப் பற்றி அவர்கள் சொன்னதை முதலில் கேட்டுவிட்டுப் போனால் உங்கள் கேள்விகள் கூர்மையாகும்.

சேகரித்தவற்றை எழுதும்போது ஒவ்வொரு செய்திக்கும் அது காகிதத்திலிருந்து வந்ததா, கட்டடத்திலிருந்து வந்ததா, வாய்மொழியா என்று ஓரத்தில் அடையாளமிடுங்கள். குடும்பத்தார் 1928இல் கட்டியது என்று சொல்லும் வீட்டுக்கு 1928ஆம் ஆண்டு வரைபடம் கிடைத்து, அதில் பின்கட்டுச் சேர்ப்பு மட்டுமே இருந்தால், ஆண்டைப் பின்கட்டின் பக்கத்தில் எழுதி, முன்பகுதியின் பக்கத்தை வெறுமையாகவே விட்டு வையுங்கள். பாதுகாக்கப்பட்ட வீட்டில் பூச்சைச் சுரண்டவோ பலகையைப் பெயர்க்கவோ விரும்பினால், உரிமையாளரின் சம்மதம் மட்டும் போதாது. நகர மறுசீரமைப்பு ஆணையத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.